அல்கோலில் எது எதை மறைக்கிறது?

மாரி ஓய்ந்த மாசி மாதத்தில் நிலாவெளிக் கரையில் வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும். உயர்தர வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோரோடு அங்கே கூட்டிப்போவேன். டோர்ச்சில் சிவப்புத்தாள் சுற்றி, வடமேற்கே அல்கோல் என்ற இரட்டை நட்சத்திரத்தைப் பார்த்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுக் கொப்பியில் எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை.

2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அல்கோலின் ஒளிப்பருமன் 2.1இலிருந்து 3.4க்கு இறங்கும்; எண் கூடக்கூட ஒளி மங்கல். 1783இல் இந்தக் கணக்கை வெளியிட்ட ஜோன் குட்ரிக்குக்கு அப்போது வயது 18. காது கேளாதவர். ஏதோவொரு இருண்ட பொருள் குறுக்கே போகிறது என்று அன்றே ஊகித்தார்.

"பெரிய நட்சத்திரத்தைச் சின்னது மறைக்குது, என்ன சேர்?" என்று வருடாவருடம் யாராவது கேட்பார்கள். உண்மையில் மறைப்பதுதான் உருவில் பெரியது. ஆனால் குளிர்ந்தது, 5,000 கெல்வின் அளவில். மறைபடுவதோ சுமார் 13,000 கெல்வின். இரண்டும் ஒன்றையொன்று சுற்றுவதால் ஒரு சுற்றில் ஒருமுறை சூடானது மறையும், ஒருமுறை குளிர்ந்தது மறையும். இந்த இரண்டு கிரகணத்திலும் மறைவது ஏறக்குறைய ஒரே பரப்பளவு. ஒளி வரைபடத்தில் விழும் பள்ளத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பது மறைபடும் மேற்பரப்பின் பிரகாசம். அதனால் குளிர்ந்தது பின்னால் போகும்போது விழும் இரண்டாம் பள்ளம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அதே இரண்டாம் பள்ளம் அகச்சிவப்பில் நன்றாகத் தெரியும். இரவுச் சமையல் முடிந்த அடுப்பை நினைத்துப் பாருங்கள். தணல் கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கையை நீட்டினால் சுடும். குளிர்ந்த நட்சத்திரமும் தன் ஒளியில் பெரும்பங்கை அகச்சிவப்பில்தான் கொட்டுகிறது. அங்கே இரண்டுக்கும் உள்ள பிரகாச இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும்.

"ரிமோட் வெளிச்சம் போன் கமராவில தெரியுதே, அதால பிடிக்கேலாதா?" என்று ஒருவன் மடக்கினான். நல்ல கேள்விதான். ரிமோட்டின் ஒளி சிவப்பைச் சற்றே தாண்டியது, அதன் அலைநீளம் 1 மைக்ரோனுக்கும் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. ஆய்வாளர்கள் பெரும்பாலும் பார்ப்பது 1.25, 1.65, 2.2 மைக்ரோன்களில். அதற்குத் தனி உணரி வேண்டும். போதாக்குறைக்கு நம் கடற்கரைக் காற்றின் நீராவி அகச்சிவப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஹவாயின் மௌனா கீ உச்சியில், 4,200 மீற்றர் உயரத்தில் தொலைநோக்கிகளை வைத்ததற்கு இந்த ஈரமும் ஒரு காரணம்.

சரி, நம்மால் முடிந்தது என்ன? இரண்டாம் பள்ளம் "இல்லை" என்று எழுதினால் வெட்டிவிட்டு, "கண்ணுக்குத் தெரியவில்லை" என்று எழுதச் சொல்வேன். போன மாசியில் ஒரு மாணவி வெட்டவும் இல்லை, எழுதவும் இல்லை. வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் பென்சிலால் புள்ளிக்கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்துக்கொண்டு வந்தாள்.