இழுநீளம்: வில்லில் வரைய என்ன இருக்கிறது?

கோத்தகிரியில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் போன வாரம் கைபேசியை நீட்டினான். "அண்ணா, வரைவு நீளம்னா என்னங்ண்ணா? வில்லு வாங்க அதைக் கேக்கறாங்க. படம் வரையற மாதிரி ஏதாச்சுங்களா?"

இந்த 'வரைவு நீளம்' என் கண்ணில் படுவது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு பக்கத்தில் வரைவு நீளம், இன்னொன்றில் வரைதல் நீளம், மூன்றாவதில் வரையும் தூரம். எல்லாம் 'டிரா லெங்த்' என்பதன் தமிழாம். அதாவது, நாணை முழுதாக இழுத்து நிற்கும்போது, அம்பின் குதை, அதாவது நாணில் மாட்டும் பிளவு, பூட்டிய இடத்திலிருந்து வில்லின் பிடிக்குழிவு, அதாவது கைப்பிடியில் உட்குழிந்த இடம், வரை உள்ள தொலைவு. அதோடு 1.75 அங்குலம் கூட்டிச் சொல்வது விற்பயிற்சியில் வழக்கம்.

வேர்க்கதை சின்னது. ஆங்கில 'டிரா' பழைய காலத்தில் இழுத்தல்தான். 'டிராக்' (drag) என்பதும் அதன் உறவு. எழுதுகோலைத் தாளில் இழுத்ததால்தான் படம் போடுவதற்கும் அதே சொல் வந்தது. தமிழிலும் அப்படித்தானே, பள்ளியில் வாத்தியார் "ஒரு கோடு இழு" என்பார். ஆக, முதல் பொருளை விட்டுவிட்டு, பின்னால் வந்த பொருளைப் பிடித்துத் தமிழாக்கியிருக்கிறார்கள்.

கூத்து இதோடு நிற்கவில்லை. 'டிரா வெயிட்', அதாவது நாணை அவ்வளவு இழுக்க வேண்டிய விசை, அதை 'வரைவு எடை' என்கிறார்கள். தமிழ்நாட்டில் வரைவு என்றால் என்ன? வரைவு வாக்காளர் பட்டியல், வரைவு மசோதா. இன்னும் இறுதியாகாதது. 'வரைவு எடை 45 பவுண்டு' என்று படித்தால், ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள் மனு கொடுக்கலாம் போலிருக்கிறது. மலையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை, வரை என்றால் மலையும்தான்.

சரி, அது மொழிபெயர்ப்பு இயந்திரம் செய்த வேலை, திட்டிப் பயனில்லை. மனிதர்கள் யோசித்துச் சொல்லும் மாற்று ஒன்று இருக்கிறது, 'வாங்குநீளம்'. என் சண்டை அதோடுதான். சொல்கிறவர்கள் தமிழ் அறிந்தவர்கள், காரணமும் உண்டு. பழைய செய்யுளில் வில்லை வாங்குவது என்றால் வளைத்து இழுப்பது. வளைந்த மூங்கிலுக்கு 'வாங்கமை' என்று பெயர். அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு 'வாங்கு' என்று எழுதியிருப்பது எங்கே? விலைக்குப் பக்கத்தில், அழுத்தினால் பணம் போகும் பொத்தானில். வில் விற்கும் பக்கத்திலேயே 'வாங்குநீளம் 31' என்று போட்டால், 31 அங்குல வில்லை வாங்கச் சொல்கிறார்கள் என்று எவனும் நினைப்பான். விளக்கவுரை இல்லாமல் நிற்காத சொல்லை அளவுப் பட்டியலில் வைத்து என்ன செய்வது? இதைச் சொன்னால் "மக்களைப் பழக்க வேண்டும்" என்பார்கள். பழகும்வரை எத்தனை பேர் தப்பான வில்லை வாங்குவது?

இன்னும் சிலர் 'ஈர்ப்பு நீளம்' என்பார்கள். ஈர்ப்பு புவியோடும் காதலோடும் போய்விட்டது. 'இழுப்பு நீளம்' சொல்லலாமென்றால், எங்கள் ஊர்க் குளிரில் இழுப்பு என்பது மூச்சிரைப்பு. 'நாண்நீளம்' எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் அது வேறொரு நிஜமான அளவு. 68 அங்குல வில்லுக்கு நாண் சுமார் 65 அங்குலம் இருக்கும். அதை இங்கே போட்டால் இரண்டும் குழம்பும்.

என் தேர்வு 'இழுநீளம்'. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. இழுத்த நீளம், இழுக்கிற நீளம், இழுக்கும் நீளம், மூன்றும் அடங்கும். எடையையும் அதே வழியில் 'இழுவிசை' என்று சொல்லிவிடலாம். மைதானத்தில் 'டிரா லெங்த்' என்றே பேசுகிறார்களா, பேசட்டும். தப்பான தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

சொல் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தம்பியே சாட்சி. போன வருடம் இணையத்தில் ஒரு கடையில் 66 அங்குல நெடுவில், அதாவது 'லாங்போ', வாங்கினான். 'எல்லா வரைவு நீளங்களுக்கும் ஏற்றது' என்று போட்டிருந்ததாம். புரியாததால் தாண்டிப் போய்விட்டான். அவனுக்குக் கை நீளம். இரு கையும் விரித்தால் 77 அங்குலத்துக்குச் சற்று மேல். அதை 2.5-ஆல் வகுத்தால் இழுநீளம் தோராயமாக 31. அந்த வில் 29 அங்குலம் வரை ஒழுங்காக வரும், அப்புறம் சுவரை இழுப்பது போல இறுகிவிடும். நாண் மடங்கும் கோணம் குறுகி விரல்களை நெரித்தது. தன் கையில் பலம் இல்லை என்று ஆறு மாதம் தண்டால் எடுத்தான், பாவம்.

28 அங்குல இழுநீளத்துக்கு 66 அல்லது 68 போதும். 31 என்றால் 70-க்குக் குறையக் கூடாது, 72 இன்னும் சுகம். வில்லில் குறித்திருக்கும் இழுவிசையும் வழக்கமாக 28 அங்குலத்தில் அளந்தது. அதற்கு மேல் அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு ஏறும். 45 என்று வாங்கியது அவன் கையில் 51-க்கும் மேல். நீளமான வில்லுக்குக் குறையும் உண்டு. அம்பு கொஞ்சம் வேகம் குறையும், தேயிலைச் சரிவில் நின்றால் கீழ்முனை செடியில் இடிக்கும்.

இந்த 72 புதிதும் இல்லை. 'விற்கிடை' என்று வில்லின் நீளத்தையே அளவாக வைத்திருந்தோம். நான்கு முழம், முழம் 18 அங்குலம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1545-ல் மூழ்கி 1982-ல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த விற்களும் ஆறடிக்கு மேல், ஏழடியை நெருங்குபவை. எங்கள் மலைத் தோடர்களிடம் ஒரு சடங்கு உண்டு, கர்ப்பிணிக்குக் கணவன் சின்ன வில்லும் அம்பும் கொடுப்பது. உலகிலேயே இழுநீளம் தேவைப்படாத வில் அதுவாகத்தான் இருக்கும்.

'நெடுவில்' என்று சொன்னேனே, அதற்கும் 'நீண்ட வில்' என்று ஒரு போட்டி. நீண்ட வில் என்பது வர்ணனை, நெடுவில் ஒரு வகையின் பெயர். இரண்டு கிலோமீட்டர் இருந்தாலும் நெடுஞ்சாலை நெடுஞ்சாலைதானே? 66 அங்குலத்திலும் நெடுவில் உண்டு. 'குட்டையான நீண்ட வில்' என்று யார் எழுதுவது? எழுதியிருக்கிறார்கள், பார்த்தேன்.

தம்பிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: நெடுவில், நீளம் 72, இழுநீளம் 31, அந்த இழுநீளத்தில் இழுவிசை 40. கோயம்புத்தூரில் ஒரு கடையில் காட்டினானாம். கடைக்காரர் படித்துவிட்டு, "டிரா லெங்த்துங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் வில்லை எடுத்து வந்தாராம்.