குரென்ட் குதித்தால் குளிர் ஓடுமா?

முதலில் காதில்தான் விழும். ஸ்லோவேனியாவில், திராவா ஆற்றங்கரையிலுள்ள ப்துய் நகரத்தில் பிப்ரவரி மாதம் தெருவோரம் நின்றால், மாட்டு மந்தை ஒன்று மிரண்டு ஓடிவருவதுபோல் இரைச்சல் கேட்கும். வருவது மந்தையல்ல. கம்பளி வெளியே தெரிய ஆட்டுத்தோல் போர்த்தி, தோல் முகமூடியில் சிவப்பு நாக்கு தொங்க, துள்ளித் துள்ளி வரும் குரென்ட் என்னும் வேஷக்காரர்கள். சிலருக்குத் தலையில் கொம்பு, சிலருக்கு இறகு. கையில் முள்ளெலித் தோல் சுற்றிய தடி. குளிர்காலத்தை விரட்டத்தான் இந்தக் கோலம்.

இடுப்புச் சங்கிலியில் கனத்த மாட்டு மணிகள், வழக்கமாக ஐந்து. மணியைக் கட்டிக்கொண்டு நடந்தால் போதாதா, ஏன் துள்ள வேண்டும்? மணியும் அதன் நாக்கும் ஒரே வேகத்தில் சேர்ந்து ஆடினால் ஒன்றையொன்று தொடாது, சத்தமும் வராது. குரென்ட் துள்ளி இறங்கும்போது இடுப்பைப் பக்கவாட்டில் வெட்டி நிறுத்துகிறார். மணி நின்றுவிடுகிறது. நாக்கு மட்டும் வந்த வேகத்திலேயே போய் உள்சுவரில் மோதுகிறது. திடீரென்று பிரேக் போட்ட பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவரின் கதிதான் அதற்கு.

வேஷத்தின் எடை 40 கிலோவைக்கூடத் தொடும். கம்பளி இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று உடல் சூட்டை வெளியே விடாது. சும்மா நிற்கும் ஆட்டுக்கு அது வரம். தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. துள்ளுகிறவருக்கு உள்ளே வியர்வை மழை. வேடிக்கை பார்க்கிற நாம்தான் நடுங்குவோம்.

நகர ஊர்வலம் 1960இல் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகப் போகும் வழக்கம் அதைவிடப் பழையது. 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியதும் அதுதான். பெண்கள் கொடுக்கும் கைக்குட்டைகளைக் குரென்ட் இடுப்பில் கட்டிக்கொள்வார்.

சரி, குளிர் ஓடுகிறதா? ஓடுகிறது, ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக. டிசம்பர் 21 வாக்கில் அங்கே பகல் எட்டரை மணி நேரம்தான். அதன் பிறகு பகல் நீள்கிறது. இருந்தும் கடுங்குளிர் ஜனவரியில்தான். நிலம் இழக்கும் வெப்பத்தை வரும் வெயில் ஈடுகட்டச் சில வாரங்கள் பிடிக்கும். பிப்ரவரி நடுவில் பகல் 10 மணி நேரத்தைத் தாண்டிவிடும். தோற்று மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் எதிரியைத்தான் குரென்ட் விரட்டுகிறார்.

எத்தனை நாள் விரட்டலாம் என்பது நிலவின் கையில். பிப்ரவரி 2இல் தொடங்கும் வேஷம், ஈஸ்டருக்கு 47 நாள் முந்தைய செவ்வாயோடு முடியும். ஈஸ்டரோ மார்ச் 21 அன்றோ அதன் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அதனால் 2024இல் பிப்ரவரி 13ஆம் தேதியே தோலைக் கழற்ற வேண்டியதாயிற்று. 2025இல் மார்ச் 4 வரை, ஒரு மாதம் முழுக்கத் துள்ளினார்கள்.