1-ஐ விட 32 எப்படி மேடம் நல்லது?

சனிக்கிழமை சாயங்காலம் லேபைப் பூட்டுகிற நேரத்தில் ஒரு போன். அம்மாவின் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மகன் பேசுகிறார். "மேடம், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 1-னு இருக்கு, நைட்ரோஃபுரான்டாயினுக்கு 32-னு இருக்கு. நம்பர் கம்மியா இருந்தாத்தானே நல்ல மருந்து?" பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மீதியையும் அவரே சொல்லிவிட்டார். மெடிக்கலில் சிப்ரோ வாங்கி ஐந்து நாள் கொடுத்தாகிவிட்டது, இப்போது அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக வலி, காலையிலிருந்து வாந்தி.

அந்த 1-க்குப் பக்கத்தில் 'ஆர்' என்று அச்சாகியிருக்கிறது. 32-க்குப் பக்கத்தில் 'எஸ்'. பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாராம். எஸ் என்றால் சென்சிடிவ், அதாவது அம்மாவுக்கு அந்த மாத்திரை அலர்ஜி என்று எடுத்துக்கொண்டாராம்.

இந்த மாதத்தில் இது நாலாவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எஸ், ஆர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அந்த எழுத்துகள் உங்கள் உடம்பைப் பற்றியவை அல்ல, உங்கள் சிறுநீரில் இருந்த கிருமியைப் பற்றியவை. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குப் பணியும், ஆர் என்றால் பணியாது. "எனக்கு அந்த மாத்திரை பழகிப்போச்சு, இனி கேக்காது" என்று சொல்கிறீர்களே, பழகிப்போனது உங்களுக்கு இல்லை, கிருமிக்கு.

நம்பருக்கு வருகிறேன். அந்த எண்ணை நாங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கிருமியைத் தட்டில் வளர்த்து, ஒரே மாதிரிக் கூட்டத்திலிருந்து கொஞ்சம் எடுத்து உப்புத் தண்ணீரில் கலக்குவோம். அரிசி களைந்த தண்ணீரை இன்னும் நீர்க்க விட்ட மாதிரி ஒரு லேசான கலங்கல், அதற்கும் அளவு உண்டு. அப்புறம் வரிசையாகக் குட்டிக் குட்டிக் குழிகள்: ஒன்றில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மருந்து, அடுத்ததில் 2, அதற்கடுத்து 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும். எல்லாவற்றிலும் கிருமியை விட்டு ஒரு ராத்திரி சூட்டில் வைத்தால், மருந்து போதாத குழி கலங்கியிருக்கும், போதுமான குழி தெளிந்திருக்கும். முதலில் தெளிந்த குழியில் இருக்கும் அளவுதான் உங்கள் ரிப்போர்ட்டில் வரும் எண். இப்போது பல லேப்களில் மெஷினே இதைச் செய்துவிடுகிறது, கணக்கு அதேதான்.

அந்த எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. 100 மீட்டரை 15 வினாடியில் ஓடுகிற பையன் ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேயோடு நின்றுவிடுவான். 400 மீட்டரை 50 வினாடியில் ஓடுகிறவன் மாவட்ட அளவில் மெடல் வாங்குவான். 15 சின்ன எண்தானே என்று முதல் பையனுக்கு மாலை போடுவீர்களா? ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தூரம் வேறு. அதே மாதிரி ஒவ்வொரு மருந்துக்கும் கோடு வேறு. வழக்கமான டோஸில் மருந்து எவ்வளவு சேரும், நோய் இருக்கிற இடத்துக்கு அதில் எவ்வளவு போகும் என்பதையெல்லாம் பார்த்துப் போட்ட கோடு அது. அந்த அம்மாவுக்கு வந்த ஈ. கோலை என்ற கிருமிக்கு சிப்ரோவின் கோடு 0.25. அதற்குள் இருந்தால்தான் எஸ், 1-ஐத் தொட்டாலே ஆர். நைட்ரோஃபுரான்டாயின் கோடு 32. சிறுநீரில் அந்த மருந்து அதைவிட மிக அதிகமாகச் சேரும் என்பதால் 32 என்பது அதற்குச் சாதாரணம். ஆக அந்த அம்மாவின் கிருமி சிப்ரோவின் கோட்டைத் தாண்டி நாலு மடங்கு தூரத்தில் நிற்கிறது, நைட்ரோவின் கோட்டுக்குள் நிற்கிறது. 1-ம் 32-ம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை.

இன்னொரு கூத்து, கோடே நகரும். இதே 1, 2018 வரை எஸ். 2019-ல்தான் இந்தக் கோடுகளைப் போடுகிற அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ அமைப்பு அதை இறக்கியது, நம் ஊர் லேப்களில் பெரும்பாலானவை அதைத்தான் பின்பற்றுகின்றன. பீரோவில் வைத்திருக்கும் பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து "அப்போ 1-க்கு எஸ் போட்டீங்க, இப்போ ஆரா?" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

வில்லை வைத்துப் பார்க்கிற முறையில் ரிப்போர்ட் வாங்கியவர்கள் இதே தப்பைத் தலைகீழாகச் செய்வார்கள். அதில் தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, மருந்து ஏற்றிய காகித வில்லைகளை வைப்போம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும், தட்டைக் கவிழ்த்து ஸ்கேலால் அளப்போம். வட்டம் பெரிசு என்றால் மருந்து வீரியம் என்று நினைக்காதீர்கள். சிப்ரோவுக்கு 24 மி.மீ. வந்தாலும் எஸ் கிடையாது, நைட்ரோவுக்கு 18 மி.மீ. வந்தாலே எஸ்.

சரி, அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு வயிற்றெரிச்சலே இங்கேதான். ரிப்போர்ட் கையில் கிடைத்த அன்று அது வெறும் நீர்க்கடுப்பு. விலை குறைந்த நைட்ரோஃபுரான்டாயின் ஐந்து நாள் கொடுத்திருந்தால் அநேகமாகத் தீர்ந்திருக்கும். சிப்ரோவில் ஐந்து நாள் போனதில் கிருமி கிட்னிக்கு ஏறிவிட்டது. அதன் பிறகு நைட்ரோ உதவாது. அது சிறுநீர்ப்பையில் மட்டும் வேலை செய்கிற மருந்து, ரத்தத்திலும் கிட்னித் திசுவிலும் போதுமான அளவு சேராது. ரிப்போர்ட்டில் எஸ் அப்படியே இருக்கிறது, இப்போது அது செல்லாக் காசு. அட்மிட் செய்து ஊசிதான் போட்டார்கள், நல்லவேளை பிழைத்துக்கொண்டார்.

அதனால்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்கிற வேலையை நோயாளியைக் கண்ணால் பார்த்த டாக்டரிடம் விடுங்கள் என்கிறோம். மகன் போனில் சொல்லியிருக்காவிட்டால், லேபில் இருக்கும் எனக்கே அந்த அம்மாவுக்கு விலா வலிக்கிறதா இல்லையா என்று தெரிந்திருக்காது.

"காசு கொடுத்தோம், மெரோபெனம் ரிசல்ட்டைக் காணோமே, மறைக்கிறீங்களா?" என்றும் கேட்கிறார்கள். ஆமாம், மறைக்கிறோம், வேண்டுமென்றேதான்! சின்ன மருந்துக்கே பணிகிற கிருமி என்றால், மெரோபெனம் மாதிரிக் கடைசிக்கென்று வைத்திருக்கிற பெரிய மருந்தின் பெயரை ரிப்போர்ட்டில் விடுவதில்லை. பெயரைப் பார்த்தால் போடச் சொல்லத் தோன்றும். என்டிஎம்-1 என்பது மெரோபெனம் வகை மருந்துகளையே உடைக்கிற ஒரு நொதி. 2010-ல் வெளியான அதைப் பற்றிய ஆய்வில், அந்த நொதி இருந்த கிருமிகள் சென்னையிலிருந்து மட்டும் 44. அதற்கப்புறம் நிலைமை ஒன்றும் சீராகவில்லை என்பதை என் தட்டுகளில் தினமும் பார்க்கிறேன். கடைசியாக மிச்சமிருக்கிற மருந்துகளை நீர்க்கடுப்புக்குச் செலவழிக்க முடியாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கல்ச்சர் எழுதிக் கொடுத்தால் முதல் மாத்திரைக்கு முன்னால் சாம்பிள் கொடுங்கள். இரண்டு வேளை போட்டுவிட்டு வந்தால் தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம், நீங்களும் "நோயே இல்லையாம்" என்று கிளம்பிவிடுவீர்கள். முதலில் வருவதைக் கழித்துவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு வாருங்கள், முடியாவிட்டால் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சிவப்புக் கோடு போட்ட மாத்திரைப் பட்டையை டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு மிச்சமானதையும் வாங்கிப் போடாதீர்கள். எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை, சும்மா மாஸ்டர் செக்கப்பில் கிருமி வந்திருக்கிறது என்றால், கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப் பாதை ஆபரேஷனுக்குப் போகிறவர்களையும் தவிர பெரும்பாலோருக்கு மருந்தே வேண்டாம். இதை மட்டும் தயவுசெய்து நம்புங்கள், வயசான பெண்களுக்கு இது சகஜம்.

அப்புறம் ஊறுகாய் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில், எவ்வளவு கொதிக்க வைத்துக் கழுவியிருந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன். டப்பா எங்கள் கவுன்டரிலேயே இலவசம், முதல் நாளே வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.