மெடிக்கல் ஸ்கூல் சீட் கையில், வெயிட்லிஸ்ட் மனசில்: 2026 ஜூலைக்குப் பிறகு கடன் கணக்கு எப்படி மாறுகிறது

அமெரிக்காவில் பிள்ளைக்கு மெடிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்துவிட்டால், பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை வருடமாக நம் வீடுகளில் பேச்சு. அதற்குக் காரணமும் இருந்தது. 2006-ல் வந்த கிராட் பிளஸ் என்கிற ஃபெடரல் கடன், 'ஒரு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து இவ்வளவு ஆகும்' என்று கல்லூரி போடுகிற தொகை வரைக்கும் கிடைக்கும். மற்ற உதவிகளைக் கழித்துவிட்டு மீதி எவ்வளவோ, அவ்வளவும் அரசாங்கமே கொடுத்துவிடும். கடன் வரலாறு மோசமாக இல்லாமல் இருந்தால் போதும், ஜாமீன் கையெழுத்துக்கு யாரையும் தேட வேண்டாம்.

2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம், 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' என்று செய்திகளில் அடிபட்டதே அதுதான், இதை நிறுத்திவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. மருத்துவராவதற்கான இரண்டு வகைப் பட்டங்களான எம்.டி., டி.ஓ. (ஆஸ்டியோபதி) இரண்டுக்கும் இதே விதிதான். மிஞ்சியிருப்பது, படிக்கும் காலத்து வட்டியை அரசாங்கம் ஏற்காத டைரக்ட் அன்சப்சிடைஸ்டு கடன் ஒன்று. அதற்கும் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தப் படிப்புக்கும் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு. 2026 ஜூன் 30-ல் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்து, அதே படிப்புக்கு அதற்கு முன்பே ஃபெடரல் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு மட்டும் பழைய வரம்பு தொடரும். அதுவும் மூன்று கல்வியாண்டு, அல்லது படிப்பில் மீதியிருக்கும் காலம், இரண்டில் எது குறைவோ அதுவரை.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது இரண்டு விஷயம். நான்கு வருடம், வருடத்துக்கு 50,000 என்றால் சரியாக 2,00,000 ஆகிவிடுகிறது. ஆராய்ச்சிக்காக ஒரு வருடம் கூடுதலாக எடுத்தாலோ, ஒரு வருடத்தைத் திரும்பப் படிக்க நேர்ந்தாலோ, ஐந்தாவது வருடத்துக்கு இந்தக் கணக்கில் ஒரு டாலர்கூட மிச்சம் இருக்காது. அதனால் முழு 50,000-த்தையும் எடுக்காமல் சமாளிக்க முடிகிற வருடத்தில் கொஞ்சம் விட்டுவைப்பது நல்லது. அடுத்தது, மெடிக்கல் ஸ்கூலுக்கு முன்னால் மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்ள ஒரு வருட மாஸ்டர்ஸ் படிக்கிற வழக்கம் இருக்கிறது அல்லவா, அந்த மாஸ்டர்ஸுக்கு ஃபெடரல் கடன் வாங்கியிருந்தால் அந்தத் தொகையும் இந்த 2,00,000-லிருந்துதான் கழியும்.

50,000 என்று சொன்னாலும் கைக்கு வருவது 50,000 இல்லை. 1.057 சதவீதம் கட்டணமாகப் பிடித்துக்கொள்கிறார்கள், அதாவது 528 டாலர் சொச்சம் போய்விடும். 2025-26 கல்வியாண்டுக்கு வட்டி 7.94 சதவீதம், ஒவ்வொரு வருடமும் ஜூலையில் புது வட்டி வரும், ஆனால் அந்தந்த வருடம் வாங்கிய கடனுக்கு அந்தந்த வட்டி கடைசிவரை மாறாது. படிக்கும் காலத்தில் கட்ட வேண்டியதில்லை என்பதால் வட்டி ஓடவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பணம் வந்த நாளிலிருந்து ஓடுகிறது. இதே வட்டியில் நான்கு வருடமும் முழு வரம்பையும் வாங்கினால், பட்டம் வாங்குகிற நாளில் அசலோடு இன்னும் 30,000 டாலருக்கு மேல் வட்டி சேர்ந்திருக்கும்.

இப்போது செலவுப் பக்கம். மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. கணக்குப்படி, 2025-ல் முடித்த வகுப்புக்கு நான்கு வருட மொத்தச் செலவின் இடைநிலை அளவு அரசுக் கல்லூரிகளில் ஏறக்குறைய 2,86,000 டாலர், தனியார் கல்லூரிகளில் ஏறக்குறைய 3,90,000 டாலர். இதில் ஃபீஸ், வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் அடக்கம். ஆகவே 2,00,000 முழுவதையும் வாங்கினாலும் அரசுக் கல்லூரியில் 86,000, தனியாரில் 1,90,000 என்று ஒரு பள்ளம் இருக்கிறது. முன்பு இந்தப் பள்ளத்தை கிராட் பிளஸ் நிரப்பிவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. இனி அது ஸ்காலர்ஷிப்பிலிருந்தோ, வீட்டுப் பணத்திலிருந்தோ, தனியார் வங்கிக் கடனிலிருந்தோ வர வேண்டும். எந்தக் கல்லூரி என்று முடிவெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் இந்தப் பள்ளம்தான். ஃபீஸை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் வாடகை அதிகமான ஊர் உங்களை ஏமாற்றிவிடும்.

இந்த இடத்தில்தான் வெயிட்லிஸ்ட் குறுக்கே வருகிறது. சொந்த மாநிலத்து அரசுக் கல்லூரியில் சீட் உறுதியாகிவிட்டது, பெயர்பெற்ற தனியார் கல்லூரி ஒன்றில் வெயிட்லிஸ்ட்; என்ன செய்வது என்று பிள்ளையும் பெற்றோரும் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். எம்.டி. கல்லூரிகளுக்கு ஏ.ஏ.எம்.சி. வகுத்திருக்கும் நடைமுறையில், ஒன்றுக்கு மேல் சீட் வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 15-க்குள் மூன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும், ஏப்ரல் 30-க்குள் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒன்றுக்கு அவர்களுடைய இணையக் கருவியில் 'பிளான் டு என்ரோல்' என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். இதைத் தேர்ந்தெடுத்த பிறகும் மற்ற கல்லூரிகளின் வெயிட்லிஸ்டில் தாராளமாக இருக்கலாம், அதில் எந்த நேர்மைக் குறைவும் இல்லை, நடைமுறையே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

'கமிட் டு என்ரோல்' என்பது வேறு. அதைத் தேர்ந்தெடுத்தால் மற்ற எல்லாக் கல்லூரிகளிலிருந்தும், வெயிட்லிஸ்டிலிருந்தும்கூட, விலகிவிட்டீர்கள் என்று பொருள். அந்த விலகலையும் நீங்களேதான் ஒவ்வொரு கல்லூரிக்கும் தெரிவிக்க வேண்டும். சந்தோஷத்தில் உடனேயே அதை அழுத்திவிடுகிற பிள்ளைகள் உண்டு. அவசரப்பட வேண்டாம். கல்லூரி எந்தத் தேதிக்குள் கமிட் செய்யச் சொல்கிறது என்று பார்த்து, வெயிட்லிஸ்ட் நம்பிக்கை இருந்தால் அதுவரை பிளான் டு என்ரோலிலேயே இருங்கள். ஒன்றே ஒன்றுதான், கெடுத் தேதியைத் தவறவிட்டால் கையிலிருக்கும் சீட்டையே கல்லூரி திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதனால் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி ஒட்டுங்கள். டி.ஓ. கல்லூரிகள் தனி அமைப்பு, தனித் தேதிகள். அங்கே முன்பணமும் பெரிது, ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்லுவார்கள், பெரும்பாலும் திரும்ப வராது.

வெயிட்லிஸ்ட் பெரும்பாலும் நகர்வது ஏப்ரல் 30-க்குப் பிறகுதான். எல்லோரும் ஒன்றைத் தவிர மற்றதை விட்டுவிடுவதால் மே மாதத்தில் இடங்கள் திறக்கும், அப்புறம் ஜூன், ஜூலை என்று சொட்டுச்சொட்டாகப் போய், வகுப்பு தொடங்குகிற வாரத்தில்கூட அழைப்பு வரலாம். பல கல்லூரிகளில் வெயிட்லிஸ்டுக்கு வரிசை எண்ணே கிடையாது, வகுப்பில் என்ன குறைகிறது என்று பார்த்து ஆளை எடுப்பார்கள். ஆகவே 'நான் எத்தனையாவது' என்று கேட்டு எழுதுவதில் பலன் குறைவு. உங்கள் கல்லூரியே என் முதல் விருப்பம், இடம் தந்தால் வருகிறேன் என்று ஒரு கடிதம், அதுவும் உண்மையாக இருந்தால் மட்டும், ஒரே ஒரு கல்லூரிக்கு எழுதலாம்.

ஆனால் அந்தக் கடிதத்துக்கு முன்னால் பணக் கணக்கை முடித்துவிடுங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஜூன் மாதம் வெயிட்லிஸ்டிலிருந்து எடுக்கிற கல்லூரியில் பெரும்பாலும் ஸ்காலர்ஷிப் பணம் ஏப்ரலிலேயே பங்கு போட்டு முடிந்திருக்கும். பதில் சொல்லக் கிடைப்பதும் சில நாட்கள்தான், வகுப்பு நெருங்க நெருங்க அது இன்னும் சுருங்கும். அந்தச் சில நாட்களில் 1,90,000 டாலர் பள்ளத்துக்கு வழி தேட முடியாது. அதனால் ஃபெடரல் உதவிக்கு விண்ணப்பிக்கிற ஃபாஃப்சா படிவத்தில் வெயிட்லிஸ்ட் கல்லூரிகளையும் இப்போதே சேர்த்துவிடுங்கள், 20 கல்லூரி வரை சேர்க்கலாம். மெடிக்கல் மாணவர் ஃபெடரல் கடனுக்குத் தனி நபராகக் கருதப்படுவார், பெற்றோர் வருமானம் தேவையில்லை. ஆனாலும் கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து கொடுக்கும் உதவிக்குப் பெற்றோர் விவரம் கேட்கும். அதையும் முன்கூட்டியே கொடுத்து வைத்தால்தான், அழைப்பு வருகிற அன்று 'எனக்கு என்ன தருவீர்கள்' என்று கேட்டதும் எழுத்தில் பதில் கிடைக்கும். அந்த எழுத்து வராமல் சரி என்று சொல்லாதீர்கள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு பக்கமும் எம்.டி. பட்டம்தான் என்றால், தனியார் கடன் வாங்காமல் முடிக்க முடிகிற கல்லூரியை விட்டுவிட்டு, பெயருக்காக ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் டாலர் தனியார் கடனுக்குப் போவது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தகாது. விதிவிலக்குகள் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கிராஸ்மன் மருத்துவப் பள்ளியில் 2018 முதல் எம்.டி. மாணவர் எல்லோருக்கும் ஃபீஸ் இல்லை. பிராங்ஸிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரியிலும் 2024-ல் ரூத் காட்டெஸ்மன் கொடுத்த 100 கோடி டாலருக்குப் பிறகு அப்படியே. ஜான்ஸ் ஹாப்கின்ஸில், அதே 2024-ல் புளூம்பெர்க் அறக்கட்டளை கொடுத்த 100 கோடியால், 3,00,000 டாலருக்குக் கீழே வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் இல்லை. 1,75,000 வரை என்றால் தங்கும் செலவும் கிடைக்கும். இப்படிப்பட்ட இடத்தின் வெயிட்லிஸ்டில் கடைசி நாள் வரை காத்திருக்கலாம், அதில் அர்த்தம் இருக்கிறது.

ஃபெடரல் கடனையும் தனியார் கடனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று நான் சொல்வது வட்டிக்காக மட்டும் இல்லை. 2026 ஜூலைக்குப் பிறகு வாங்குகிற ஃபெடரல் கடனைத் திருப்பிக் கட்ட ராப் என்று ஒரு திட்டம் இருக்கிறது. வருமானம் எவ்வளவோ அதற்கேற்ப 1 முதல் 10 சதவீதம் கட்ட வேண்டும். ரெசிடென்சியில், அதாவது பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் சம்பளத்தோடு பயிற்சி பெறும் வருடங்களில், 66,000 டாலர் வருமானம் என்றால் 6 சதவீதம், மாதம் 330 டாலர். அது அந்த மாத வட்டிக்குப் போதாவிட்டால் மீதி வட்டியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள், கடன் மேலே மேலே ஏறாது. பி.எஸ்.எல்.எஃப். என்கிற பொதுச்சேவைத் திட்டத்தில், லாப நோக்கமற்ற மருத்துவமனையிலோ அரசு மருத்துவமனையிலோ வேலை பார்த்துக்கொண்டே 120 மாதம் கட்டினால் மீதிக் கடன் ரத்து. ராப் தவணைகள் அதில் சேரும், ரெசிடென்சி வருடங்களும் சேரும். கடன் வாங்கியவர் இறந்துபோனால் ஃபெடரல் கடன் அவரோடு முடிந்துவிடும். தனியார் கடனில் ராப் இல்லை, பி.எஸ்.எல்.எஃப். இல்லை, ஜாமீன் போட்ட அப்பா அம்மா பெயர் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அப்படியும் வாங்க வேண்டி வந்தால், ரெசிடென்சி முடியும்வரை தவணையைத் தள்ளிவைப்பார்களா, ஜாமீன்தாரரை எப்போது விடுவிப்பார்கள், இந்த இரண்டையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம்மவர்களில் பலருக்கு இந்தப் பேச்சே பொருந்தாமல் போவதற்கு விசா காரணம். ஃபெடரல் கடன் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், அகதித் தகுதி பெற்றவர்கள் போன்ற சிலருக்கும்தான். ஹெச்-4 (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா), எஃப்-1 (மாணவர் விசா) இவற்றில் இருக்கிற பிள்ளைக்குக் கிடையாது. சின்ன வயதிலிருந்து இங்கேயே படித்திருந்தாலும் கிடையாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பதும் போதாது, கார்டு கிடைத்த பிறகுதான். பல கல்லூரிகள் இப்படிப்பட்ட மாணவர்களை எடுப்பதே இல்லை, எடுக்கிற சில கல்லூரிகள் வருடக்கணக்கான ஃபீஸை முன்கூட்டியே காட்டச் சொல்லும். படிப்பு நடுவே கிரீன் கார்டு வந்துவிட்டால் அன்றிலிருந்து விண்ணப்பிக்கலாம், கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

வீட்டுப் பணம் என்று வரும்போது, இளங்கலைக்கு வாங்கினோமே பேரண்ட் பிளஸ் என்று அதைத் தேடாதீர்கள், மெடிக்கல் ஸ்கூலுக்கு அது செல்லாது. ஊரில் இருக்கிற மனையை விற்று அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் அதற்குப் பிடிக்கிற காலத்தையும் கணக்கில் வையுங்கள். விற்ற பணம், வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்குக்கு வந்து, வரி கட்டி, ஆடிட்டர் சான்றிதழ் வாங்கி, அப்புறம்தான் வெளியே போகும். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்பதால் வரம்பு பிரச்சினை இல்லை, நாட்கள்தான் பிரச்சினை. ஆகஸ்டில் ஃபீஸ் கட்ட வேண்டுமென்றால் ஜூனில் விளம்பரம் கொடுத்தால் நடக்காது. ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைப்பதை நான் சொல்லவே மாட்டேன். பிள்ளைக்குப் படிக்கக் கடன் கிடைக்கும், உங்கள் முதுமைக்கு யாரும் கடன் தர மாட்டார்கள்.

கடைசியாக, ஜூலையில் வெயிட்லிஸ்ட் அழைப்பு வந்து மாறுவது என்று முடிவானால்: முதல் கல்லூரியில் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் விலகுங்கள், சேர்ந்துவிட்ட பிறகு தாவ முடியாது. அங்கே கடன் பணம் வந்திருந்தால் 120 நாட்களுக்குள் திருப்பிவிட்டால் அந்தத் தொகைக்கு வட்டியும் கட்டணமும் கிடையாது. புதுக் கல்லூரியில் கடனுக்கு மறுபடி முதலிலிருந்து ஏற்பாடு செய்ய வேண்டும், பணம் வரச் சில வாரங்கள் ஆகும், அதுவரை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கையில் இருக்க வேண்டும். முதல் ஊரில் வீடு பிடிக்கும்போதே வேறொருவருக்கு மாற்றிவிடலாம் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் போகாத ஊருக்கு ஒரு வருட வாடகை கட்ட நேரும்.