பெட்டி மேல் எழுதிய வேகம்

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலை. அதன் தலைமை அலுவலகம் ஓசூரில் என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலைக்கு 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பு வருகிறது. எந்த ரவுட்டர் வாங்கலாம் என்று விசாரித்தால், எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்பதுதான் கடைக்காரரின் முதல் கேள்வியாக இருக்கும். ஆள் கணக்கை விடப் பாக்கெட் கணக்கே இங்கு முக்கியம். (இணையத்தில் எந்தத் தகவலும் முகவரி எழுதிய சிறு துண்டுகளாகவே போகும். அந்தத் துண்டுதான் பாக்கெட்.)

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஒருவர் மட்டும் வரும் காருக்கும் இருபது டன் ஏற்றிய லாரிக்கும் கட்டணம் வசூலிக்க ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆகிறது. ரவுட்டரும் அப்படித்தான். பாக்கெட் சிறியதோ பெரியதோ, முகவரியைப் படித்து வழியைத் தேடி அனுப்பும் வேலை ஒன்றே. 100 மெகாபிட் இணைப்பு முழுக்க 1,518 பைட் ஈதர்நெட் சட்டங்களாக (ஃபிரேம், அதாவது பாக்கெட்டைச் சுமக்கும் உறை) நிரம்பினால் வினாடிக்குச் சுமார் 8,100 போகும். எல்லாம் 64 பைட்டாக இருந்தால் சுமார் 1,48,800! வேகம் அதேதான், உழைப்பு பதினெட்டு மடங்கு. பெட்டி மேல் 'ஒரு கிகாபிட்' என்று அச்சிடும் நிறுவனங்கள் பொதுவாகப் பெரிய பாக்கெட்டில்தான் சோதித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குரல் அழைப்புதான் சிறிய பாக்கெட்டுக்கு நல்ல உதாரணம். ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறையில் ஓர் அழைப்பு ஒரு திசையில் வினாடிக்கு 50 பாக்கெட் அனுப்பும். ஒவ்வொன்றும் 200 பைட். இருபது பேர் ஒரே சமயத்தில் பேசினால் இரு திசையிலும் சேர்த்து 2,000 பாக்கெட், ஆனால் வெறும் 3.2 மெகாபிட். கோப்பு ஒன்றை 1,500 பைட் பாக்கெட்டுகளாக இறக்கும்போது அதே 2,000 பாக்கெட்டில் 24 மெகாபிட் வந்துவிடும்.

இது வெறுமனே அனுப்பும் கணக்கு. ஓசூருடன் விபிஎன் (பொது இணையத்தின் வழியே போகும் தனிப் பாதை) போட்டால் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்ய வேண்டும். எட்டு கேமராக்கள் தலா 2 மெகாபிட் வீதம் படத்தை இரவு பகலாக ஓசூருக்கு அனுப்பினால் 16 மெகாபிட், அதுவும் மேலேற்றும் திசையில். மறையாக்கத்துக்கென்று தனி வன்பொருள் இல்லாத சிறிய ரவுட்டரில், கிகாபிட் என்று பெயர் வாங்கிய பெட்டியே சில பத்து மெகாபிட்டில் திணறும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. மலிவான ரவுட்டர்கள் பல, அறிமுகமான இணைப்பின் பாக்கெட்டுகளை மையச் செயலியான சிபியூவிடம் கொண்டுபோகாமல் குறுக்குவழியில் தள்ளிவிட்டுத்தான் அந்த வேகத்தைக் காட்டுகின்றன. அழைப்புக்கு முன்னுரிமை தரும் வரிசைமுறையை இயக்கினால், பலவற்றில் அந்தக் குறுக்குவழி அடைபடும். எல்லாம் சிபியூ தலையில் விழும்.

அதற்காகப் பெரிய நிறுவன ரவுட்டரை வாங்குவதும் வீண்தான். அவற்றின் விலையில் நல்ல பங்கு, உலக இணையத்தின் முழு வழிப்பட்டியலை, அதாவது எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்ற பட்டியலை, தாங்கும் திறனுக்குப் போகிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று அந்தப் பட்டியல் 5,12,000 வழிகளைத் தாண்டியபோது, நினைவகம் அந்த அளவுக்கே ஒதுக்கப்பட்டிருந்த பழைய ரவுட்டர்கள் பல தடுமாறின. இன்று அது சுமார் பத்து லட்சம். ஆனால் ஒரே இணைப்பு உள்ள தொழிற்சாலைக்கு 'எல்லாம் இந்தப் பக்கம்' என்ற ஒரே வழி போதும். ஃபைபர் அறுந்தால் 4ஜி என்று வைத்தாலும் வழி இரண்டுதான்.

அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பக்கத்தில் கேள்வியே மாறிவிடும்: மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் ஓடும்? 12 வாட் சிறிய ரவுட்டர் 12 வோல்ட் பேட்டரியில் ஓர் ஆம்பியர் இழுக்கும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி சில மணி நேரம் தாங்கும். 150 வாட் ரவுட்டர் என்றால் அரை மணிக்குள் கதை முடிந்தது. வெயிலையும் பாருங்கள்: வீட்டு ரவுட்டர்கள் பலவற்றின் வரம்பு 40 டிகிரி, சித்திரை மாதத் தகரக் கொட்டகைக்குள் அதைத் தாண்டுவது எளிது.

வாங்கும் முன் தயாரிப்பாளரின் சோதனை அட்டவணையைக் கேளுங்கள். மைக்ரோடிக் போன்ற ரவுட்டர் நிறுவனங்கள் 64, 512, 1,518 பைட் என்று தனித்தனியாக, வடிகட்டி விதிகள் (எந்தப் பாக்கெட்டை விடலாம், எதைத் தடுக்கலாம் என்பவை) போட்ட நிலையிலும் அளவுகளை வெளியிடுகின்றன. நான் 512 பைட், 25 விதி என்ற வரியைத்தான் பார்ப்பேன். விபிஎன் வேண்டுமென்றால் அதற்கான தனி அட்டவணையை. அங்கே கிடைக்கும் எண், மாங்காய்ப் பருவத்து உச்ச நெரிசலுக்கு இரு மடங்காக இருந்தால் வாங்கிவிடலாம்.