கால் பாதி, குழந்தை பாதி: 'பெட்' சொற்களின் கதை

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் போன வாரம் நோட்டும் கையுமாக வந்து நின்றாள். பி, இ, டி ஆகிய மூன்று எழுத்தும் சேர்ந்து வரும் ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பொருள் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பெடல், பெடஸ்ட்ரியன், பெடிக்யூர் எல்லாம் சரி. அதே வேகத்தில் பீடியாட்ரீஷியன் என்பதற்கு 'பாத மருத்துவர்' என்று எழுதிவிட்டாள். "பெட்னா கால்தானே மாமா?" என்று கேட்டாள். யோசித்த வழியில் தப்பே இல்லை. ஆனால் இந்த மூன்று எழுத்தும் இரண்டு வெவ்வேறு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தவை. ஒன்று லத்தீன், அங்கே பொருள் கால். இன்னொன்று கிரேக்கம், அங்கே பொருள் குழந்தை.

முதலில் காலைப் பார்ப்போம். லத்தீனில் 'பெஸ்' என்றால் பாதம், வேற்றுமை ஏற்கும்போது அது 'பெட்' என்று திரியும். காலால் மிதிப்பது பெடல். தமிழில் மிதி, மிதிகட்டை, அதை வைத்துத்தான் மிதிவண்டி. பெடஸ்ட்ரியன் என்பதற்குப் பாதசாரி என்று எழுதுகிறோமே, அந்த 'பாத'மும் லத்தீன் 'பெட்'டும் ஆங்கில 'ஃபுட்'டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. சமஸ்கிருதம் வழியாக ஒரு கிளை நம்மிடம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். தமிழின் சொந்தச் சொற்கள் கால், அடி, தாள். அதனால் நான் எழுதினால் 'நடந்து செல்வோர்' என்றே எழுதுவேன்.

இம்பீட் என்றால் தடுப்பது என்று அகராதி சொல்லும். உள்ளே இருக்கும் படம் காலில் தளை பூட்டுவது. ஊரில் பையனுக்குக் கல்யாணம் செய்து வைப்பதைக் கால்கட்டுப் போடுவது என்பார்களே, கிட்டத்தட்ட அதே படம். அந்தத் தளையை அவிழ்த்துவிட்டால் எக்ஸ்பிடைட், அதாவது விரைவுபடுத்துவது. மரவட்டைக்கு மில்லிபீட், 'ஆயிரங்காலி' என்று பெயர் வைத்தார்கள், ஆனால் உண்மையில் ஆயிரம் கால் உள்ள மரவட்டையை யாரும் பார்த்ததில்லை; 2021இல்தான் ஆஸ்திரேலியாவில் 1306 கால்களோடு ஒன்றைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பெடிக்ரீ. நாய் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் அதே பெடிக்ரீதான். பழைய பிரெஞ்சில் இதற்குக் 'கொக்கின் கால்' என்று பொருள். வம்ச வரலாறு எழுதியவர்கள் ஒரு தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்குக் கோடு பிரித்துக் காட்டியபோது, அந்த மூன்று கோடும் சேற்றில் பதிந்த கொக்கின் கால்தடம் போல இருந்ததாம். தமிழில் இதற்கு வம்சாவளி என்று எழுதிப் பழகிவிட்டோம். கால்வழி என்று அருமையான ஒரு சொல் நம் அகராதியிலேயே சந்ததி, பரம்பரை என்ற பொருளில் இருக்கிறது. அவர்களும் காலைத்தான் பிடித்தார்கள், நாமும் காலைத்தான் பிடித்தோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததல்ல! பெடிக்ரீக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா?

சதுரங்கத்தில் 'பான்' என்கிறார்களே, அதுவும் லத்தீனில் நடந்து போகும் படைவீரனைக் குறித்த சொல்லிலிருந்து தேய்ந்து வந்ததுதான். அலுவலகத்து பியூனும் அதே சொல்தான், போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. நாம் அந்தக் காயைக் காலாள் என்கிறோம், சொல்லுக்குச் சொல் சரியாகப் பொருந்துகிறது.

அப்புறம் குழந்தை. கிரேக்கத்தில் 'பைஸ்' என்றால் பிள்ளை, அதன் வேர் 'பைட்'. இது லத்தீன் எழுத்துக்கு மாறியபோது கிரேக்க 'ai' என்பது 'ae' ஆனது, அதனால் பி-க்கும் இ-க்கும் நடுவில் ஓர் ஏ (a) நின்றது. பிரிட்டிஷ்காரர்கள் பீடியாட்ரிக்ஸ் என்று எழுதும்போது அந்த ஏ-யை இன்றும் விடாமல் எழுதுகிறார்கள், அமெரிக்கர்கள் எடுத்துவிட்டார்கள். குழப்பமே அங்கேதான் வருகிறது. அக்கா மகளிடம் இதைத்தான் சொன்னேன்: பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைப் பார், நடுவில் ஏ இருந்தால் அது குழந்தை.

அப்படிப் பார்த்தால் ஆர்த்தோபீடிக்ஸ் காலும் இல்லை, எலும்பும் இல்லை. 1741இல் நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடல் கோணலைச் சரிசெய்வது பற்றி எழுதிய நூலுக்காக 'நேர்' என்பதையும் 'குழந்தை' என்பதையும் சேர்த்து உண்டாக்கிய சொல் இது. வளைந்து வளரும் இளமரத்தை ஒரு கம்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் படம் அந்த நூலில் இருக்கிறது, இன்றைக்கும் அந்தத் துறையின் சின்னம் அதுதான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் சொல்வதை அவர் படமாகவே போட்டுவிட்டார். இன்று மூட்டுவலிக்குப் போகும் பாட்டிகள்தான் அந்த வரிசையில் அதிகம். அதனால் 'எலும்பு, மூட்டு மருத்துவம்' என்று தமிழில் வைத்திருப்பது மூலச் சொல்லைவிடத் தெளிவு.

பெடகாகி, பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போன அடிமையின் பெயரிலிருந்து வந்தது; தமிழில் கற்பித்தலியல். என்சைக்ளோபீடியாவின் பின்பாதியும் பிள்ளைக்குக் கொடுக்கும் கல்விதான். நாம் அதைக் கலைக்களஞ்சியம் என்றோம், நெல்லைக் கொட்டி வைக்கும் களஞ்சியம் போல. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம் முடித்த கையோடு குழந்தைகளுக்கென்றே தனியாகப் பத்துத் தொகுதி கொண்டுவந்தார்.

கிரேக்கத்தில் காலுக்கு வேறு சொல், 'பூஸ்', அதன் வேர் 'பொட்'. ட்ரைபாட் அப்படி வந்தது, நம் முக்காலியேதான். ஆக்டோபஸ் என்றால் எட்டுக் காலி. கடலுக்குப் போகிறவர்கள் பேய்க்கணவாய் என்பார்கள்.

கடைசியாக அவளிடம் ஒன்று சொன்னேன். நாம் காலாட்படை என்று காலை வைத்துச் சொல்வதை ஆங்கிலம் இன்ஃபன்ட்ரி என்கிறது. அதற்குள் இருப்பது 'இன்ஃபன்ட்', அதாவது குழந்தை. குதிரையேறத் தகுதி பெறாத இளைஞர்கள் நடந்து போன படை என்பதால் வந்த பெயர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'பாத மருத்துவர்' என்று எழுதியதை அழிக்காமல் எதிரே போடியாட்ரிஸ்ட் என்று எழுதினாள். பீடியாட்ரீஷியனுக்குக் கீழே புதிதாக ஒரு வரி: குழந்தைகள் நல மருத்துவர்.