டிரோன் ஆடினாலும் மலை ஏன் ஆடுவதில்லை? பொள்ளாச்சி வானில் ஒரு டைம்லாப்ஸ்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பொள்ளாச்சிப் பக்கம் நின்று ஆனைமலையைப் பாருங்கள். முகட்டில் ஒரு மேகம் மணிக்கணக்காக அப்படியே உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். அதையே டைம்லாப்ஸாக, அதாவது சில விநாடிக்கு ஒரு படமாக எடுத்து வேகமாக ஓட்டிப் பார்த்தால் விஷயம் வேறு. கேரளப் பக்கமிருந்து ஏறி வரும் ஈரக்காற்று, முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அழுந்திச் சூடாகிறது. மேகத்துளிகள் ஆவியாகிக் கரைகின்றன. கரையக் கரையப் பின்னாலிருந்து புது மேகம் வந்துகொண்டே இருக்கிறது. நின்றிருந்தது மேகம் அல்ல, அது கரையும் இடம்தான். வெறும் கண்ணுக்குப் பிடிபடாத இந்த ஓட்டத்தைக் காட்டுவதால்தான் டைம்லாப்ஸ் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

கணக்கு எளிது. 2 விநாடிக்கு ஒரு படம் எடுத்து, விநாடிக்கு 25 படமாக ஓட்டினால் காலம் 50 மடங்கு வேகமாகும். 10 விநாடி வீடியோவுக்கு 250 படம், அதாவது 8 நிமிடம் 20 விநாடி டிரோன் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

நிற்குமா என்பதுதான் கேள்வி. வானத்தில் முக்காலி கிடையாது. ஜிபிஎஸ்ஸை நம்பி நிற்கும் டிரோன், ஒரு மீட்டர் ஒன்றரை மீட்டர் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அந்த ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. சாய்வதும் திரும்புவதும் ஒரு வகை. கேமராவைத் தாங்கும் கிம்பலில் இருக்கும் மூன்று மோட்டார்களும் கேமராவை எதிர்த்திசையில் திருப்பி அதைச் சரிக்கட்டிவிடும். டிரோன் மொத்தமாகப் பக்கவாட்டில் தள்ளிப்போவது இன்னொரு வகை. அங்கே கிம்பலால் ஒன்றும் செய்ய முடியாது.

அங்கே கைகொடுப்பது தூரம். 4000 பிக்சல் அகலமுள்ள படத்தில் 70 டிகிரி அகலக் காட்சி அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரிக்குச் சுமார் 57 பிக்சல். டிரோன் 1 மீட்டர் நகர்ந்தால், 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலை படத்தில் மூன்றில் ஒரு பிக்சல்தான் நகரும். 100 மீட்டரில் இருக்கும் தென்னை மரமோ 33 பிக்சல் துள்ளும். மலையும் தோப்பும் ஒரே ஃபிரேமில் இருந்தால் எடிட்டிங்கிலும் சிக்கல்தான். ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் மென்பொருள் மலையைப் பிடித்து நிறுத்தினால் தோப்பு ஆடும், தோப்பைப் பிடித்தால் மலை ஆடும். அதனால் கேமராவைக் கொஞ்சம் நிமிர்த்தி, கிட்டத்துத் தென்னைகளை ஃபிரேமை விட்டே விலக்கிவிடுங்கள். அழகான முன்புறக் காட்சி போகிறதே என்று மனசு கேட்காது. ஆனாலும் விலக்குங்கள்.

அப்புறம் காற்றாலை. உடுமலை, பல்லடம் பக்கம் டைம்லாப்ஸ் எடுப்பவர்களைக் குழப்பும் விஷயம் இது. நிமிடத்துக்கு 20 சுற்று சுற்றும் ஒரு காற்றாலை, 2 விநாடியில் 240 டிகிரி திரும்பும். மூன்று இறக்கைகளும் 120 டிகிரி இடைவெளியில் இருப்பதால், அடுத்த படத்தில் ஓர் இறக்கை இருந்த இடத்தில் இன்னொன்று கச்சிதமாக வந்து நிற்கும். வீடியோவில் காற்றாலை நின்றுபோனதாகத் தெரியும். வேகம் 19 சுற்றாகக் குறைந்தால், படத்துக்குப் படம் 12 டிகிரி பின்னுக்குப் போய், தலைகீழாகச் சுற்றுவது போல இருக்கும். சரி, இடைவெளியை 3 விநாடியாக மாற்றினால்? 20 சுற்றுக் காற்றாலை 3 விநாடியில் ஒரு முழுச் சுற்று முடித்து அதே இடத்துக்கு வந்துவிடும். மறுபடியும் நின்றுபோகும்!

தீர்வு ஷட்டரில் இருக்கிறது. 1 விநாடி திறந்து வைத்தால் இறக்கை 120 டிகிரி துடைத்துக்கொண்டு போகும். மூன்றும் சேர்ந்து மெல்லிய வட்டமாகப் பதியும். பகல் வெளிச்சத்தில் அதற்கு, லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் அடர்த்தியான என்டி ஃபில்டர் வேண்டும். காற்றிலோ, டிரோன் 1 விநாடி நடுங்காமல் நிற்பதே பெரும்பாடு. அதைவிட நல்ல வழி, சாதாரண வீடியோவாகவே எடுத்துவிட்டு, எடிட்டிங்கில் 25, 25 ஃபிரேமாக (ஒரு விநாடி அளவு) சராசரி போட்டு ஒவ்வொரு படமாக்குவது. ஒவ்வொரு ஃபிரேமும் கூர்மையாக இருக்கும். சராசரிக்கு முன்பே ஸ்டெபிலைஸ் செய்துவிடலாம் என்பது கூடுதல் லாபம்.

தனித்தனிப் படமாக எடுப்பவர்கள் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரையும், நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையையும் மாறாமல் பூட்டிவிட வேண்டும். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு மேகத்துக்கும் வெளிச்சம் மாறி வீடியோ மினுக்கும். வெளிச்சமே மாறிக்கொண்டிருக்கும் அந்தி மாதிரி நேரங்களில் ஆட்டோவைத் தவிர வேறு வழியில்லை. அப்போது டீஃப்ளிக்கர் மென்பொருள், ஒவ்வொரு படத்தின் சராசரி வெளிச்சத்தையும் அக்கம்பக்கத்துப் படங்களோடு ஒப்பிட்டுச் சமன் செய்யும். 4கே வீடியோவுக்கு 3840 பிக்சல் அகலம் போதும். 20 மெகாபிக்சல் கேமராவின் 5472 பிக்சல் அகலப் படத்தில் மீதி ஓரம் முழுக்க ஸ்டெபிலைசருக்கான இடம். எடுக்கும்போதே அந்த ஓரத்தை மனசில் வைத்து, ஃபிரேமைத் தாராளமாக வையுங்கள்.

டிரோன் விதிகள் 2021-இன்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் பக்கத்தில் இருப்பதால் எந்த இடம் எந்த மண்டலம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் மேலே ஏற்றாதீர்கள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வேண்டவே வேண்டாம். வெளியே, தெரிந்தவர் தோட்டத்திலிருந்து எடுத்தாலே மலை முழுதாகக் கிடைக்கும்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், அரைக்கிலோ டிரோன் எம்மாத்திரம்? பாலக்காட்டுக் கணவாய் மேற்குக் காற்றைக் குவித்து நம் பக்கம் அனுப்புகிறது. தரையில் இதமாக இருக்கும் காற்று 100 மீட்டர் உயரத்தில் பலமாக இருக்கும். ஆகவே அந்த மாதங்களில் முதலில் மேற்கு நோக்கி, காற்றை எதிர்த்துப் போய் நின்று எடுங்கள். பேட்டரி குறைந்து திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.